மஞ்சளாகாத கண்களை எண்ணிய கோடை

ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: அவனிடம் வரும் நோயாளி பாட்டிலில் வருவார், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த வசதியை நம்பித்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்து, மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து, மனிதர்களோடு அதிகம் பேசாமல் சில வருஷம் நிம்மதியாக இருந்தேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில் டவுன்ஷிப்பில் மஞ்சள் காமாலை வந்தது. என் நிம்மதி போயிற்று. சென்சஸ் எடுத்த வாத்தியார்கள், வாக்காளர் பட்டியலோடு அலைந்தவர்கள், மீட்டர் பார்க்கப் போய் நாயிடம் கடி வாங்கியவர்கள், இப்படி முன்பின் தெரியாத வீட்டின் கதவைத் தட்டிப் பழகியவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும்.

ஒன்றும் இல்லாதவர்களைத் தேடி

லேபுக்குப் பொறுப்பாக ஒரு டாக்டரம்மா இருந்தார். கெட்டிக்காரர். வார்டில் படுத்திருந்த காமாலைக்காரர்களை எண்ணி முடித்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார். இந்த வைரஸ் உடம்புக்குள் போன எல்லோருக்கும் கண் மஞ்சளாவதில்லை, பலருக்குக் காய்ச்சல்கூட வராது, அவர்கள் பாட்டுக்குச் சாப்பிட்டு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள், ஆனால் அவர்களிடமிருந்தும் அடுத்தவருக்குப் பரவும் என்றார். அப்படிப்பட்டவர்கள் ஊரில் எத்தனை பேர் என்று தெரியாமல் எத்தனை நாள் குளோரின் போடுவது, எந்தப் பள்ளிக்கூடத்தை மூடுவது என்று எதையும் முடிவு செய்ய முடியாதாம். ஆகவே பத்து குவார்ட்டர்ஸுக்கு ஒன்று என்று தேர்ந்தெடுத்து, அந்த வீட்டில் சீட்டுக் குலுக்கி, பெயர் வந்த ஒருவரிடம் மட்டும் ஒரு பாட்டில் சிறுநீர் வாங்கி வரவேண்டும்.

அதில் பேரியம் உப்பைக் கலந்து வடிகட்டி, வடிதாளில் தங்கும் வெள்ளைப் பொடியின் மேல் ஒரு சொட்டு மருந்து விட்டால், பித்தம் கலந்திருந்தால் பச்சை நிறம் வரும். பச்சை வந்தவருக்கு ரத்தம் எடுத்து ஈரலைப் பார்ப்போம். துல்லியமான முறை என்று சொல்லமாட்டேன், அன்றைக்கு எங்கள் கையில் இருந்தது அதுதான். பாட்டிலில் பிளாக், வீட்டு எண், வயது, ஆணா பெண்ணா என்பது மட்டும் இருக்கும். பெயர் இருக்காது. பெயர் எழுதமாட்டோம் என்று வீட்டுக்கு வீடு நான் சத்தியம் செய்யாத குறை.

முதல் நாள் முதல் வீட்டில் ஒரு பெரியவர் என்னை நிற்கவைத்து முழு விவரமும் கேட்டுக்கொண்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "காச்சல்னு ஆஸ்பத்திரிக்கு வந்தா ரெண்டு மணி நேரம் வரிசையில நிக்க வைக்கிறீங்க. ஒண்ணுமில்லாதவனைப் பாக்க வீடு தேடி வர்றீங்க. நல்லாருக்கு சார் உங்க நியாயம்."

சைக்கிளும் கலியமூர்த்தியும்

எனக்கு உதவிக்கு கலியமூர்த்தியைக் கொடுத்தார்கள். டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், காண்ட்ராக்ட் ஆள். ஒன்பது வருஷமாக காண்ட்ராக்ட். அந்த வருஷம்தான் பர்மனென்ட் ஆகவேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்திருந்தது. ஆறு வாரத்தில் மெடிக்கல். அதில் தேறிவிட்டால் வேலை நிரந்தரம். 'அன்ஃபிட்' என்று வந்துவிட்டால் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும், மறுபடி எப்போது மேலே வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கபடி விளையாடிய உடம்பு. ஊசி என்றால் என்னவென்றே தெரியாதவர்.

சாயங்காலம் காலிப் பாட்டில்களை வீடுகளில் கொடுப்பதும், காலையில் நிறைந்த பாட்டில்களை மரப்பெட்டியில் அடுக்கி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவதும் அவர் வேலை. எனக்குக் கதவு திறக்காத வீடுகள் அவருக்குத் திறந்தன. அவர் போன நாளில் ஒரு பாட்டில்கூடக் காலியாகத் திரும்பியதில்லை. நான் ஆச்சரியப்பட்டுப் பாராட்டியபோது அவர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டார். "வூட்டுக்கு வூடு பேசிக்கினு போனா குடுக்காம இருப்பாங்களா சார்? மனுசாளுக்கு மனுசா ஒரு ஒத்தாசைதானுங்களே."

அந்த 'ஒத்தாசை' என்ற சொல்லை நான் அன்றைக்கே காது கொடுத்துக் கேட்டிருக்கவேண்டும்.

தெளிந்த பாட்டில்

ஒரு பாட்டில் கண்ணாடி போல் இருந்தது. சொட்டு விட்டேன், ஒன்றும் இல்லை. பித்தம் மட்டுமல்ல, அதில் உப்புகூட இல்லை. என் அனுபவத்தில் இப்படி ஒரு சிறுநீரகம் கிடையாது. நேரே அந்த வீட்டுக்கே போய்விட்டேன். அந்த வீட்டம்மா லெக்கோ கரிக்கட்டி அடுப்பை விசிறிக்கொண்டே, காமாலை தண்ணீரால்தான் வருகிறது என்று ஆஸ்பத்திரி நோட்டீஸில் போட்டிருந்ததே, அதனால் தண்ணீரைத்தான் கேட்கிறோம் என்று நினைத்ததாகச் சொன்னார். தப்பு எங்கள் நோட்டீஸ் மேல்தான். நான் விளக்கிச் சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "இருபது நிமிஷம் கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, வெள்ளைத் துணியில வடிகட்டின தண்ணி சார் அது. எங்க வீட்டுத் தண்ணியில ஒரு குறையும் இல்லேன்னு எழுதிக்குங்க."

பலாப்பழக் கோரிக்கை

எல்லோரும் தங்களுக்கு நோய் இருக்கக்கூடாது என்று நினைப்பார்கள் என்பது என் தப்புக் கணக்கு. ஒரு ஃபிட்டர் தாமாகவே லேபுக்கு வந்து, தம் பாட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறீர்கள் என்றேன். முகம் தொங்கிவிட்டது. பண்ருட்டிப் பக்கம் அவருடைய மாமனார் தோப்பில் பலா அறுவடை நேரமாம், மைன்ஸில் லீவு கிடைக்கவில்லையாம். அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "சார், நல்லாயிருக்கேன்னு எழுதி என் பொழப்பைக் கெடுத்துடாதீங்க. பதினஞ்சு நாள் ரெஸ்ட்னு ஒரு வரி போட்டீங்கன்னா, உங்க வீட்டுக்கு ரெண்டு பழம் கொண்டாந்து எறக்கிடறேன்."

ஐந்து பச்சை

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை. ஒரே பிளாக்கில் ஐந்து வீட்டுப் பாட்டில்கள், ஐந்திலும் பச்சை. அதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்துகொண்டிருந்தது. பத்தொன்பது வயதுப் பெண், ஐம்பது வயது ஆண், நடுவில் மூன்று பேர். ஐவருக்கும் காய்ச்சல் இல்லை, கண் மஞ்சள் இல்லை. பச்சையும் ஒரே பச்சை. ஐந்து பாட்டிலிலும் கால் பாகம்தான் இருந்தது என்பதையும் நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி. என் புத்தி எட்டிய இடம் அவ்வளவுதான்.

டாக்டரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த பிளாக் குழாயைப் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார். நோட்டில் கணக்கை மாற்றிப் போட்டார். வார்டில் இருக்கும் ஒருவருக்குப் பின்னால் வெளியில் இத்தனை பேர் என்று அவர் எழுதியிருந்த எண் ஒரே நாளில் மடமடவென்று ஏறிவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என்னிடம் சொன்னார்: "பாத்தீங்களா? தேடினாத்தான் கிடைக்கும்னு சொன்னேன்ல. வார்டுல படுத்திருக்கறவங்க கொஞ்சம்தான், மீதிப்பேர் ஊருக்குள்ள சும்மா நடமாடிக்கிட்டிருக்காங்க."

சுத்தமான ரத்தம்

ரத்தம் எடுக்க நான் மட்டும் போனேன். யாருக்குப் பச்சை வந்தது என்ற விஷயம் வெளியே போகக்கூடாது என்பதால் கலியமூர்த்தியிடம்கூட மூச்சு விடவில்லை. முதல் வீடு மரகதம்மாள் வீடு. திருநெல்வேலிக்காரர். மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்த நேரம். உங்கள் மகள் பாட்டிலில் பச்சை வந்திருக்கிறது, ரத்தம் எடுக்கவேண்டும் என்றேன். அந்த அம்மாள் முகம் பயந்த முகமாகத் தெரியவில்லை. என்னமோ கணக்குத் தப்பிப்போனவர் முகமாக இருந்தது. மற்ற நாலு வீட்டிலும் அதே முகம். எதிர்ப்பே இல்லாமல் கையை நீட்டினார்கள்.

ஐந்து ரத்தமும் பால் போல் சுத்தம். ஈரல் பேரில் ஒரு குறையும் இல்லை. மருந்து கெட்டுவிட்டதோ என்று புதிதாகக் கலக்கினேன். மிச்சமிருந்த சிறுநீரில் மறுபடி போட்டேன். மறுபடியும் பச்சை. என் கை சுத்தத்தின் மேல் எனக்கு எப்போதுமே ஒரு கர்வம் உண்டு, அது அன்றைக்கு ஆட்டம் கண்டது. டாக்டரம்மா சிறுநீர் முடிவு, ரத்த முடிவு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒண்ணு, உங்க மருந்து பொய் சொல்லுது. இல்லேன்னா அந்த அஞ்சு வீடும் பொய் சொல்லுது. எதுன்னு கண்டுபிடிச்சிட்டு வாங்க."

கீழாநெல்லி மோர்

மறுநாள் காலை நானும் கலியமூர்த்தியோடு கிளம்பினேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. அந்த பிளாக்கில் நுழைந்ததும் மரகதம்மாள் ஒரு டம்ளரோடு வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரைப் பின்னால் மறைத்தார். பச்சையாக அரைத்த கீழாநெல்லி கலந்த மோர். கோவில்பட்டிப் பக்கம் வளர்ந்த மூக்குக்கு அது தெரியாதா? அடுத்த வீட்டிலும் ஒரு டம்ளர். அதற்கடுத்த வீட்டில் எண்ணெயில்லாத இட்லி, சர்க்கரை தொட்டுக்கொள்ள. ஐந்தாவது வீட்டில் கரும்புச்சாறு. எல்லாம் கலியமூர்த்திக்கு. வெயிலுக்கு நல்லது என்று சொல்லி மூன்று நாளாகக் கொடுக்கிறார்களாம். அவரும் பாவம், மறுக்கத் தெரியாமல் குடித்துக்கொண்டிருக்கிறார்.

காமாலைப் பத்தியம் எதற்காக இவருக்கு? பன்னீர் மரத்தடியில் சைக்கிளை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நிச்சயமான பெண்ணுக்குக் காமாலை என்று பேச்சு வந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று மரகதம்மாள் அழுதிருக்கிறார். ஐம்பது வயதுக்காரருக்கு ப்ரமோஷன் இன்டர்வியூ. மற்ற மூன்று வீட்டில் பயமும் வெட்கமும். பெயர் எழுதமாட்டோம் என்ற என் வார்த்தையை ஒரு வீடும் நம்பவில்லை. ஊரிலேயே ஆரோக்கியமான ஆளாகப் பார்த்து, நீயே நிரப்பிக் கொடுத்துவிடு என்று கலியமூர்த்தியிடம் கேட்டிருக்கிறார்கள். அவரும் விடியற்காலையில் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு ஐந்து வீட்டுக்கும் பங்கு வைத்திருக்கிறார். மீதியை நானே ஊகித்துக்கொண்டேன்: நான் போய்ப் பச்சை என்று சொன்னதும், காமாலை அவருக்குத்தான் என்ற உண்மை ஐந்து வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கீழாநெல்லி அரைத்திருக்கிறார்கள்.

அவரிடம் சொல்லவேண்டிய வேலை என் தலையில் விழுந்தது. சொன்னேன். கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், உள்ளங்கையில் மஞ்சள் ஒட்டியிருக்கிறதா என்பதைப் போல. எனக்கு மனசு கேட்கவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: "எனக்கு ஒண்ணுமே செய்யலியே சார். நேத்திக்கூட மூணு மூட்டை தூக்கினேன். அப்ப மெடிக்கலு?"

பட்டியலில் இல்லாத ஆள்

டாக்டரம்மாவிடம் அவரே வந்தார். நான் அழைத்துப் போகவில்லை. அவரிடம் எடுத்த ரத்தம் எங்கள் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது; கண்ணில் மஞ்சள் இல்லை, ஈரலில் வைரஸ் செய்த வேலை இருந்தது. டாக்டரம்மா முதலில் கோபப்பட்டார், ஐந்து வீட்டுக் கணக்கும் குப்பைக்குப் போயிற்றே என்று. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். நாங்கள் இத்தனை வாரம் குவார்ட்டர்ஸ் எண்ணை வைத்துத்தான் தேடியிருக்கிறோம். தேடிய மாதிரியே ஓர் ஆள் கிடைத்தபோது அவருக்குக் குவார்ட்டர்ஸே இல்லை. தினமும் டவுன்ஷிப்புக்குள் வந்து வேலை செய்துவிட்டுப் போகும் அத்தனை காண்ட்ராக்ட் ஆட்களும் எங்கள் கணக்குக்கு வெளியே இருந்திருக்கிறார்கள். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் வடக்குத்திலும் பாட்டில் கொடுத்தோம். பெட்டியைத் தொடவேண்டாம், சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும், தனி டம்ளர் வைத்துக்கொள்ளவேண்டும் என்று சொல்லி, கலியமூர்த்தியை வழிகாட்ட மட்டும் அழைத்துக்கொண்டோம். இந்த முறை அவரே ஒவ்வொரு வாசலிலும், "அவங்கவங்களுது அவங்கவங்கதான் குடுக்கணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். அங்கே இன்னும் சில பச்சை வந்தது. எல்லோரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அந்த ஐந்து வீட்டுக்காரர்களும் வெட்கத்தோடு சொந்தப் பாட்டில் கொடுத்தார்கள். ஒன்றுகூடப் பச்சையில்லை.

மெடிக்கலைத் தள்ளிப் போட முடியாது, தேதி தேதிதான். மூன்று வாரம் இருந்தது. அதற்குள் பித்தம் வடிந்தால் உண்டு. நிரந்தர வேலைக்கான பாட்டில்களையும் சோதிப்பது நான்தான். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தே என் யோசனையைப் படித்துவிட்டார். "சர்வே நோட்டுல பேர் கிடையாது, அதனால அவரு காமாலை இங்கேயே கிடக்கட்டும். மெடிக்கல் ரிஜிஸ்டர்ல பேர் உண்டு. அன்னைக்கு என்ன கலர் வருதோ, அதைத்தான் நீங்க எழுதணும்."

மெடிக்கல்

அந்த மூன்று வாரமும் ஐந்து வீட்டுப் பத்தியம் தொடர்ந்தது. மரகதம்மாள் தம் மகளின் கல்யாண வேலைக்கு நடுவிலும் மோர் அனுப்பினார். கலியமூர்த்தி மெலியவேண்டியவர், ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

மெடிக்கல் அன்று காலை லேபைத் திறக்கப் போனால் வாசலில் ஐந்து பேர். மரகதம்மாள் தலைமை. கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே காகிதம் சுற்றிய ஐந்து பாட்டில்கள். எதைச் சொல்ல வருகிறார்கள் என்று எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை; மரகதம்மாள்தான் விளக்கினார்: "எங்க ரத்தம் சுத்தம்னு நீங்கதானே சார் சொன்னீங்க. அவரு எங்களுக்குக் குடுத்தாருல்லா, இப்போ நாங்க அவருக்குக் குடுக்கோம். இதுல எது நல்லாருக்கோ அதை அவரு பேருல வச்சுக்கிடுங்க."

சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது. நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. அதற்குள் கலியமூர்த்தி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பையைப் பார்த்தார், ஐந்து பேரையும் பார்த்தார், பெரிய கும்பிடாகப் போட்டார். பிறகு என்னிடம் காலிப் பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து மேசையில் வைத்தார். கழுத்து வரை நிரம்பியிருந்தது.

வடிகட்டினேன். வெள்ளைப் பொடி தாளில் தங்கியது. ஒரு சொட்டு மருந்தை எடுக்கும் முன் பாட்டில் சீட்டில் எழுதிய அவர் பெயரை இரண்டு தடவை சரிபார்த்தேன். எத்தனையோ ஆயிரம் தடவை செய்த காரியம். ஐந்து பேரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சொட்டு விழுந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு சொட்டும் விட்டுப் பார்த்தேன். பச்சை வரவில்லை. ரிஜிஸ்டரில் அவர் பெயருக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். என் வாழ்க்கையில் அத்தனை அழகாக நான் எதையும் எழுதியதில்லை. ஜன்னலில் மரகதம்மாள் சத்தமாகவே அழுதுவிட்டார். வேறு பாட்டில் வைத்திருந்தாலும் இதேதான் வந்திருக்கும், பாருங்கள், வீணாகப் பயந்தோம் என்றேன் கலியமூர்த்தியிடம். அவர் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் தம் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சு வூட்டுப் பேர்ல போயிட்டு வந்தாச்சு சார். இந்த ஒண்ணாவது என் பேர்லயே இருக்கட்டும்."

டாக்டரம்மாவின் இறுதிக் கணக்கு தாளில் ஒழுங்காகத்தான் ஏறியது என்றாலும், நோயில்லாமல் நோய் சுமந்த ஒருவரும், நோயே இல்லாமல் அவருக்காகப் பத்தியம் காத்த ஐந்து வீடும் எந்தக் கட்டத்தில் வருவார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் நான் கலியமூர்த்தியின் பெயர்ச் சீட்டோடு கழுவி வைத்திருக்கும் காலிப் பாட்டிலைத்தான் எடுத்துக் காட்டுவேன்.